பியானோவும் பித்தளைக் குழலும்

சுசீந்திரம் தாணுமாலயன் திருக்கோயிலின் அலங்கார மண்டபத்தை நம் மாணவருட் காணாதார் மிகச் சிலரே. ஒரே கல்லிற் செதுக்கிய சிறு தூண்கள் பல அங்கே கொத்தாக நிற்கின்றன. ஒன்றைத் தட்டினால் ஓர் ஒலி. அடுத்ததைத் தட்டினால் வேறோர் ஒலி. தட்டுபவன் பெரும் வித்துவானாயினும் சரி, அம்மண்டபத்தை அன்றுதான் முதன்முதற் காணும் சிறுவனாயினும் சரி, தூண் தனக்குரிய சுரத்தையே கொடுக்கும். அதனைச் சற்றே உயர்த்தவோ தாழ்த்தவோ ஒருவராலும் இயலாது.

இனி, மலையாள நாட்டுப் பஞ்சவாத்தியத்தில் ஊதப்படும் கொம்பை எண்ணிப் பார்க்க. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த நமது நாஞ்சில் நாட்டுக்கு அஃது அயலோசையன்று. பிறை போல் வளைந்த அவ்வுலோகக் குழலில் துளையுமில்லை, நாணலுமில்லை. ஊதுபவனுடைய உதடே அதற்கு நாக்கு. பழக்கமில்லாதவன் ஊதினால் வெறுங்காற்றுத்தான் வெளிவரும். பழகியவனோ உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் அவ்வொரு குழலிலேயே பல சுரங்களை எழுப்புகின்றான்.

மேனாட்டுச் சங்கீதம் கற்கப் புகும் மாணவனுக்குப் பெரும்பாலும் எதிர்ப்படும் இருவகை வாத்தியங்கள் இவ்விரண்டின் இனத்தையே சேர்ந்தவை. பியானோ சுசீந்திரத்துத் தூணின் இனம். டிரம்பெட், டிராம்போன், யூபோனியம் முதலிய பித்தளை வாத்தியங்கள் கொம்பின் இனம். இவற்றுள் ஒன்றை மட்டும் பயின்று மற்றதை இகழ்பவன் சங்கீதத்திற் பாதியையே பயில்கிறான் என்பது என் துணிபு. அதற்குரிய காரணங்களையும், இரண்டையும் ஒருசேரக் கற்கும் முறையையும் இயன்றவரை ஈண்டுக் கூற முயல்வேன். யான் பேராசிரியனல்லேன். மாணவனாயிருந்தபோது இரண்டிலும் தட்டுத்தடுமாறி, இப்பொழுது மாலை வேளைகளில் சில பிள்ளைகளுக்குக் கற்பித்து வருபவன். அந்த உரிமையளவே எனக்குண்டு.

முதலில் சிறிது சரித்திரம். பியானோ 1700-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்திற் கிறிஸ்டோபோரி என்பவரால் ஆக்கப்பட்டது. பித்தளைக் குழல்களுக்கு வால்வு என்னும் அடைப்பு அமைந்ததோ அதற்கும் ஒரு நூற்றாண்டு பிற்பட்டே. 1818-இல் ஜெர்மானியராகிய ஸ்டோல்செல், புளூமெல் என்ற இருவர் அதற்குத் தனியுரிமை பெற்றனர். மீட் ஐயர் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்ததும் அதே 1818-ஆம் ஆண்டில்தான். அஃதொரு தற்செயலே, ஆயினும் இவ்வாத்தியங்கள் எவ்வளவு புதியன என்பதை அது நமக்கு உணர்த்தும். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-இல் கல்லூரி நிலையை எய்தியபோது, வால்வுடைய டிரம்பெட்டுக்கு வயது நூறுகூட நிரம்பவில்லை.

தமிழகத்தில் மேனாட்டுப் பாண்டு வாத்தியம் மிஷன் பள்ளிகளால் மட்டும் பரவிற்றென்று எண்ணுதல் தவறு. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அரண்மனையில் ஐரோப்பிய முறைப் பாண்டு ஒன்றை வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுக்களைக் கேட்டு, சங்கராபரணத்தில் நோட்டுசுர சாகித்தியங்கள் என வழங்கும் சிறு உருப்படிகள் பலவற்றை இயற்றினார். பின்னாளில் தஞ்சாவூர் நாதமுனி பாண்டு என்ற குழுவினர் கர்நாடக சங்கீதத்தையே பாண்டு வாத்தியத்தில் வாசித்து, அதனை இசைத்தட்டுக்களிலும் பதிவித்தனர். தெருவில் பாண்டு செல்லும் போது முகம் சுளிக்கும் நண்பர்கள் இவ்வரலாற்றைச் சற்று நினைப்பாராக.

இரட்சணிய சேனையார் வரலாறும் கேட்கத்தக்கது. 1878-இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி என்னும் ஊரில் பிரை என்ற கட்டடத் தொழிலாளரும் அவர்தம் மூன்று புதல்வரும் தெருக்கூட்டங்களிற் பாட்டுக்குத் துணையாகப் பித்தளை வாத்தியங்களை ஊதத் தலைப்பட்டனர். அச்சபையின் பாண்டுகளெல்லாம் அந்நால்வரினின்று கிளைத்தனவே. 1882-இல் அச்சபை பம்பாயில் வந்திறங்கியது. பின்னர் நமது நாகர்கோவிலிலும் ஊன்றி நின்றது. ஆங்கிலப் பித்தளைப் பாண்டு முறையில் ஒரு நுட்பம் உண்டு. சிறு கார்னெட் முதல் பெருந் தூபா வரை ஏறத்தாழ எல்லா வாத்தியங்களுக்கும் ஒரே வகைக் குறியில், ஒரே விரல் முறையில் இசை எழுதப்படும். கார்னெட் ஊதுபவன் இன்று வரவில்லையா? ஹார்ன் ஊதுபவன் அவ்விடத்தில் அமர்ந்து உடனே வாசிக்கலாம். உழைத்துப் பிழைக்கும் மக்களின் தேவைக்கேற்றவாறு அம்முறை அமைந்தது. அதனால் விளையும் ஒரு சங்கடத்தைப் பின்னர்க் கூறுவேன்.

இனிப் பாடத்திற்கு வருவோம். பித்தளையிலிருந்து தொடங்குதல் நன்று.

டிரம்பெட்டின் குழலை நீட்டி அளந்தால் ஐந்தடிக்குச் சற்றே குறைவாயிருக்கும். வால்வு ஒன்றையும் அமுக்காது ஊதினால் எல்லாச் சுரமும் வாரா. கீழிருந்து முறையே ஸ, ப, மேல் ஸ, மேல் க, மேல் ப எனச் சிலவே வரும். ஒரு குழலினுள் அடங்கிய காற்று இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் ஐந்தாகவும் பகுந்து அதிர்வதால் எழும் சுரங்கள் இவை. தேசிய மாணவர் படையில் பியூகிள் ஊதக் கேட்டிருப்பீர்கள். அதன் அழைப்புக்கள் அனைத்தும் இச்சில சுரங்களால் ஆனவையே. இவற்றின் இடைவெளியை நிரப்பவே வால்வுகள் ஏற்பட்டன. நடுவால்வு குழலின் நீளத்தைக் கூட்டி அரைச்சுரம் தாழ்த்தும். முதல் வால்வு ஒரு முழுச்சுரம் தாழ்த்தும். மூன்றாவது ஒன்றரைச் சுரம். மூன்று விரல்கள் போதும் என்று இதனால் ஏமாறுதல் வேண்டா. ஒரே விரலமைப்பில் ஐந்தாறு சுரங்கள் ஒளிந்துள்ளன. எதனை வெளிக்கொணர்வது என்பதை உதடு தீர்மானிக்கும். உதட்டுக்கு ஆணையிடுவது செவி. மனத்தினுள் முன்னரே கேளாத சுரத்தை டிரம்பெட்டில் ஊத முடியாது.

ஆகவே, என்னிடம் வரும் பிள்ளைக்கு முதல் வாரத்தில் வாத்தியத்தையே கொடுப்பதில்லை. ஊதுவாயை மட்டும் கையிற் கொடுத்து, உதடுகளை மூடி நடுவே காற்றைச் செலுத்தி ரீங்கரிக்கச் சொல்வேன். வண்டு முரல்வது போன்ற அவ்வோசையில் ஒரு தெரிந்த பாட்டின் மெட்டை அவன் காட்டிவிடின், அடுத்த வாரம் குழல் அவன் கைக்கு வரும். வீட்டிலுள்ளோர் நகைப்பர், அதற்கு மருந்தில்லை. பின்னர் நெடுஞ்சுர அப்பியாசம். ஒரு சுரத்தை மெல்லத் தொடங்கி, வளர்த்து, மீண்டும் மெலித்து, நடுக்கமின்றி முடித்தல். ஒரு மணி நேரம் விடாது ஊதுதல் பெருந்தவறு. உதடு ஒரு சிறு தசை. களைத்த பின் அது கெட்ட பழக்கங்களையே கற்கும். காற்றுக் குறைந்தவுடன் ஊதுவாயைப் பல்லோடு அழுத்தி உயர்சுரத்தைப் பிடுங்க முயல்வது அக்கெட்ட பழக்கங்களுள் முதன்மையானது. கால்மணி ஊதி, கால்மணி ஓய்ந்து, நாளில் மூன்று முறை செய்வதே சாலும்.

வால்வுகளில் ஒரு குறையும் உண்டு. ஒவ்வொன்றும் தனித்து அமுக்கும்போது ஏறக்குறையச் சரியாயிருக்கும். முதலும் மூன்றும் சேர்ந்தாலோ, மூன்றும் ஒருங்கே அமுங்கினாலோ சுரம் உயர்ந்துவிடும். குழல் நீண்டபின் அதனைத் தாழ்த்த முன்னிலும் நீளமான துண்டு வேண்டுமன்றோ? துண்டோ பழைய அளவே. ஆதலால் மூன்றாம் வால்வின் இழுவையை இடக்கை விரலால் வெளியே தள்ளி அக்குறையை நிரப்புதல் வேண்டும். இதனைச் சொல்லிக்கொடாமலே ஆண்டுக்கணக்கில் ஊதுவிக்கும் ஆசிரியரும் உளர். டிராம்போனில் இத்தொல்லை இல்லை. அதன் ஏழு நிலைகளும் கையின் நீட்சியே. எந்தச் சுரத்தையும் திருத்திக்கொள்ளலாம். நம் கமகங்களையும் ஓரளவு காட்டலாம். செவி கூர்மையற்றவனுக்கோ அவ்வுரிமையே பகையாகும்.

பியானோவுக்குத் திரும்புவோம். அதன் 88 கட்டைகளுள் 52 வெண்மை, 36 கருமை. கட்டையை அமுக்கினால் உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து தந்தியை அடித்து உடனே விலகுகின்றது. தந்தியைத் தொடும் கணத்திற்கு முன்னரே அது கட்டையின் பிடியினின்று விடுபட்டுவிடுகிறது. விரலின் ஆட்சி அத்துடன் தீர்ந்தது. ஒலித்த சுரத்தை வளர்க்க முடியாது, அசைக்க முடியாது; அது தானே தேய்ந்து மறையும். பித்தளையில் மூச்சினால் எய்தும் உயிர்ப்பைப் பியானோ மாணவன் அடுத்தடுத்த சுரங்களின் வன்மை மென்மைகளைக் கணக்கிட்டு, இருப்பது போலத் தோற்றுவிக்கின்றான். இஃது எளிதன்று.

அதற்குக் கைம்மாறாகப் பியானோ தருவது பெரிது. டிரம்பெட் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஊதும். பியானோவின் முன் அமர்ந்த மாணவன் பத்து விரலாலும் ஒரு முழுப் பாண்டையே எழுப்பலாம். இடக்கையின் அடிச்சுரம் நகர்ந்தவுடன் மேலே உள்ள மெட்டின் முகம் மாறுவதை அவன் கண்ணாற் காண்கிறான். மூன்றாம் கார்னெட் ஊதும் பையன் தன் பங்கில் ஒரே சுரம் எட்டுத் தாளத்திற்கு நிற்பதைப் பார்த்து, ‘இதிலென்ன இசை?’ என்று சலித்துக்கொள்வதுண்டு. அவனைப் பியானோவண்டை அழைத்து, அச்சுரத்தை அமுக்கிக்கொண்டே அடியிலுள்ள சுரங்களை மாற்றிக் காட்டுக. அசையாது நின்ற அதே சுரம் முதலில் வீடாகவும், பிறகு வழியாகவும், பின்னர்த் தாகமாகவும் ஒலிக்கக் கேட்பான். என் மாணவனொருவன் இதனைக் கேட்ட நாளிலிருந்து முதற் கார்னெட்டுக்கு ஆசைப்படுவதை விட்டான்.

விரல் முறையைப் பற்றிச் சிறிதே சொல்வேன். இரு கைகளிலும் பெருவிரலே 1. வலக்கையால் ‘சி’ முதலான சுரவரிசையை 1, 2, 3 என ஏறி, பெருவிரலை உள்ளே நுழைத்து மீண்டும் 1 முதல் 5 வரை முடிக்க வேண்டும். முதலில் கைகளைத் தனித்தனியாகவும், பின்பு சேர்த்தும், எப்பொழுதும் மெதுவாகவும் பழகுக. மணிக்கட்டு இறுகினால் எழுந்துவிடுக. மிகுதியை ஆசிரியர் சொல்வார்.

இப்பொழுது முற்கூறிய சங்கடம். நம்மவர் சுருதியைக் கட்டைக் கணக்கிற் கூறுவர். ‘சி’ 1 கட்டை, ‘டி’ 2, ‘ஜி’ 5. கருங்கட்டைகளுக்கு அரை சேரும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையிற் கருங்கட்டை இல்லையாதலின் மூன்றரை என்பதே கிடையாது. இக்கணக்கின்படி டிரம்பெட்டின் இயல்பான ஸ 6½ கட்டை, அதாவது ‘பி பிளாட்’. ஆனால் டிரம்பெட்டுக்கு எழுதிய தாளில் அது ‘சி’ என்றே குறிக்கப்படும். எனவே தாளில் ‘சி’ கண்டு ஊதினால் பியானோவின் ‘சி’க்கு ஒரு முழுச்சுரம் தாழ்ந்தே ஒலிக்கும். பியானோவில் 4 கட்டையில் ஒரு கீர்த்தனை இருக்குமாயின், டிரம்பெட் ஊதுபவன் அதனை 5 கட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘ஈ பிளாட்’ ஹார்ன் ஊதுபவனோ 2 கட்டையில்.

யான் இதனைக் கற்றது அவமானத்தினாலே. கல்லூரியிற் படித்த காலத்தில் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பியானோ வாசிப்பவரோடு டிரம்பெட் ஊத இசைந்தேன். ஒத்திகைக்குப் போகவில்லை. தெரிந்த பாட்டுத்தானே என்று நினைத்தேன். பியானோ புத்தகத்தையே தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, எழுதியவாறே ஊதினேன். அவர் 4 கட்டையில் வாசிக்க, என் குழலோ 2½ கட்டையில் முழங்கிற்று. முதலடி முடியுமுன் சபையார் பாட்டை நிறுத்திவிட்டனர். பின்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது; பித்தளையின் பெருமை அன்று அத்துணையே. வாசலில் வந்த முதியவர் ஒருவர், ‘தம்பி, சத்தம் நல்லாத்தான் இருந்தது’ என்று சொன்னார். அவ்வாறுதல் இன்றும் என் காதில் இருக்கிறது.

எனினும் என் பிழை எழுத்தைப் பற்றியது மட்டுமன்று, செவியைப் பற்றியது. திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் ஊதும் பாண்டுக்காரர் பலர் ஒரு தாளையும் காணாதவர். அவர்களுள் ஒருவர் என் இடத்தில் நின்றிருப்பின் முதற் சுரத்திலேயே நிறுத்தி, சுருதியைக் கண்டு, இரண்டாம் அடியில் சேர்ந்திருப்பார். தந்தை ஊத மகன் கேட்டுப் பழகிய செவி அது. எனக்குத் தாள் வாசிக்கத் தெரிந்திருந்தது. அவர்களுக்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது. நம் நாட்டில் பியானோ வரவேற்பறைக்கு உரியதாகவும், பாண்டு வெயிலில் நடப்பவர்க்கு உரியதாகவும் கருதப்படுகின்றது. பியானோ கற்பவனுக்கு டிரினிட்டி முதலிய தேர்வுகள் எட்டுப் படிகளாக உள்ளன. பித்தளைக்கும் உள்ளன என்பதைச் சொல்வாரில்லை. தேர்வு வேண்டாமென்று யான் கூறேன். ஆனால் ஆண்டொன்றுக்கு இரண்டு மூன்று உருப்படிகளை மட்டும் உருப்போட்டு, நான்காவதை வாசிக்கத் தெரியாது சான்றிதழோடு நிற்கும் பிள்ளைகளை யான் கண்டிருக்கின்றேன். அவர்களையும், தாளறியாத அப்பாண்டுக்காரரையும் ஒரு மாலை ஓரிடத்தில் அமர்த்தினால் இருவர்க்கும் ஊதியமுண்டு. நாகர்கோவிலை அடுத்த கிருஷ்ணன்கோவிலிற் பிறந்த கே. வி. மகாதேவன் தமிழ்த் திரைப்படங்களில் நம் இராகங்களையும் மேனாட்டு வாத்தியங்களையும் ஒரே பந்தியில் அமர்த்தியவர். அவர் ஊரினராகிய நமக்கு இத்தகைய பந்தி புதிதாயிருத்தல் வியப்பே.

செவியும் கட்டையும் பிணங்கும் இடம் ஒன்றுண்டு. டிரம்பெட்டில் இயல்பாக எழும் மேல் காந்தாரம் பியானோவின் அதே சுரத்தைவிட அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு தாழ்ந்தது. பியானோவில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமபங்காகப் பகுக்கப்பட்டிருப்பதே காரணம். எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் பாட்டு ஒரே அளவாய் ஒலிக்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு சுரமும் சிறிது விட்டுக்கொடுத்துள்ளது. தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையிற் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இவ்வகைக் கணக்குகளையே ஆராய்ந்து, ஸ்தாயிக்குச் சுருதிகள் 22 என்பதை மறுத்துச் சமமான 24 என நாட்ட முயன்றார். அவர் முடிவை ஏற்பினும் ஏலாவிடினும், சுரத்தை அளந்து பார்க்கத் துணிந்த அத்தமிழ் நூலை மாணவன் ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். டிரம்பெட் மாணவன் செய்ய வேண்டுவதோ எளிது. பித்தளைக் குழுவோடு ஊதும்போது காந்தாரத்தைச் சற்றே தளர்த்துக. பியானோவோடு ஊதும்போது அதன் காந்தாரத்துக்கு இணங்குக. எவ்வளவு என்று கேட்டால் விடை செவியில்தான் இருக்கிறது.

நமது தட்பவெப்பம் பற்றியும் ஒரு சொல். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் நனைக்கும் நாடு இது. மழைக்காலத்தில் பியானோவின் மரமும் கம்பளியும் ஈரம் உறிஞ்சிப் பருக்கும், கட்டைகள் சிக்கும், சுருதி நகரும். சுவரை ஒட்டியும் சன்னலுக்கு எதிரிலும் அதனை வையற்க. வெயில் ஏறும்போது பித்தளைக் குழலினுள் காற்று சூடேறிச் சுருதி உயரும். பியானோ அதனைப் பின்தொடராது. ஊதத் தொடங்கிச் சில நிமிடம் கழித்தே சுருதி சேர்த்து, பெரிய இழுவையை வேண்டுமளவு வெளியே இழுத்துக்கொள்க. ஊதி முடித்தபின் நீரை வடித்து, வால்வுக்கு எண்ணெயிடுக. விடுதி மாணவர்க்குப் பியானோ கிடைப்பது அரிது. 61 கட்டையுடைய மின்விசைப் பலகை வாங்குவோர் பலர். சுரங்களின் கூட்டத்தைக் கற்க அது போதும். விரலின் கனத்தைக் கற்க உதவாது. வாரத்தில் ஒரு நாளேனும் உண்மைப் பியானோவைத் தேடிச் செல்க.

அப்படிச் செல்லும் நாளில் செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை உண்டு. நடு ‘சி’, அதற்கு மேலுள்ள ‘ஈ’, ‘ஜி’ ஆகிய மூன்று கட்டைகளையும் ஒலி எழாதவாறு மெல்ல அமுக்கிப் பிடித்துக்கொள்க. பின்னர், நடு ‘சி’க்கு இரண்டு ஸ்தாயி கீழேயுள்ள ‘சி’யை இடக்கையால் ஓங்கி அடித்து உடனே விட்டுவிடுக. அடித்த சுரம் அடங்கிய பிறகு, அடிக்காத அம்மூன்று சுரங்களும் மெல்லிதாய் ஒலித்துக்கொண்டிருக்கும். டிரம்பெட்டின் திறந்த குழலில் ஊதிய ஸ, க, ப இவையே. அடித்த ஒரு தந்தியினுள்ளேயே அவை இருந்தன.

அடுத்து, பியானோவின் மூடியை உயர்த்தி, நண்பன் ஒருவனை அமரச் செய்து வலப்புற மிதிகட்டையை அழுத்திக்கொண்டிருக்கச் சொல்லுக. தந்திகளை நோக்கி உங்கள் டிரம்பெட்டில் ஒரே ஒரு சுரத்தை உறுதியாக ஊதி, சட்டென்று நிறுத்துக. உதட்டினின்று குழலை எடுத்த பின்னும், யாரும் தொடாத தந்திகள் அச்சுரத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். அஃது ஓயும்வரை இருவரும் பேசாதிருங்கள்.